தெருவுக்கு வருமுன் தட்ட வேண்டிய கதவுகள்

முதலில் கம்மல் அடகுக்கடைக்குப் போகும். அடுத்த மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் வட்டிக்குப் போகும். அதற்கடுத்த மாதம், "இந்த மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று வீட்டுக்காரரிடம் தலையைக் குனிந்தபடி ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கரைந்து முடிந்ததும் சொந்தக்காரர் வீடு. சில வாரங்களில் அங்கே முகங்கள் மாறத் தொடங்கும். பிறகு தெரிந்தவர் கடையின் பின்கட்டு, ஆஸ்பத்திரி வராந்தா, எழும்பூர் ரயில் நிலைய நடைமேடை. சென்னையில் கவுரவமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் தெருவுக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் இதுதான். ஒரே இரவில் யாரும் அங்கே வந்து விழுவதில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள்.

ஒவ்வொரு படியிலும் பற்றிக்கொள்ள ஏதோ ஒரு பிடி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சட்டம் இருக்கிறது, அதை நடத்த ஓர் அலுவலகம் இருக்கிறது, அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. எல்லாப் படிகளையும் தாண்டி நடைபாதையில் உட்கார்ந்த பிறகுதான் யாராவது வந்து அவற்றைச் சொல்கிறார்கள். அதற்குள் ஆதார் அட்டை தொலைந்திருக்கும், உடம்பு கெட்டிருக்கும், பிள்ளையின் படிப்பு நின்றிருக்கும். வீடு கையில் இருக்கும்போதே உதவி கேட்டிருந்தால் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம். கேட்க விடாமல் தடுப்பது அறியாமை மட்டுமில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற அச்சம் அதைவிடப் பெரிய தடை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர் என்றது. அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தவர்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி இரவு நடைபாதையிலும் பாலத்தடியிலும் கோயில் வாசலிலும் கண்ணில் பட்டவர்களை வைத்து எடுத்த கணக்கு அது. சித்தப்பா வீட்டு ஹாலில் பாய் விரித்திருந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். வேலை பார்க்கும் ஓட்டலின் மாடியில் படுத்தவர்களும், குழந்தையோடு தோழி வீட்டில் ஒண்டியிருந்த பெண்ணும் வரமாட்டார்கள். உதவி முதலில் தேவைப்படுவது இந்தக் கணக்கில் வராதவர்களுக்குத்தான்.

அட்வான்ஸ் கரையும் காலத்தில்

சென்னையில் வீட்டு வாடகை என்றாலே பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதப்படாத சட்டம்போல் ஆகிவிட்டது. எழுதப்பட்ட சட்டம் சொல்வது வேறு. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. 'வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை' என்ற அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து மாதம் இன்னும் நுழைந்துகொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைப் படிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் வாடகைதாரர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயங்கள் இன்னும் சில உண்டு. வீட்டைக் காலி செய்ய வைக்கும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்கு மட்டுமே இருக்கிறது. பூட்டை மாற்றுவது, சாமான்களைத் தூக்கி வாசலில் போடுவது, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது எதற்கும் உரிமையாளருக்கு உரிமை கிடையாது. தண்ணீரோ மின்சாரமோ நிறுத்தப்பட்டால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தால் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வழக்குப் போடலாம். ஆனால், நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவிட முடியாது. நோட்டீஸைப் பார்த்ததும் பயந்துபோய் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்யும் குடும்பங்கள் இழப்பது இந்த ஒரு மாத அவகாசத்தைத்தான்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தவர்களுக்கே எளிதாகக் கிடைக்கும். ஒண்டுக் குடித்தனங்களிலும் லைன் வீடுகளிலும் இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. அவர்கள் வாடகையை ரொக்கமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஜிபே மூலமோ வங்கி மூலமோ செலுத்தலாம். அந்த வீட்டு முகவரிக்குக் கடிதம், கேஸ் ரசீது, பள்ளிச் சான்று என்று எது வந்தாலும் பத்திரப்படுத்தலாம். நாளைக்கு 'இவர்கள் இங்கே குடியிருந்தார்கள்' என்பதற்கு இவைதான் சாட்சி.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். வாடகைப் பிரச்சினையில் மாட்டிய குடும்பத்தில் ஒரு பெண் இருந்தால் போதும், மனு அவர் பெயரில் போகலாம்.

சொந்த வீட்டை வங்கிக் கடனுக்கு இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி அனுப்பும் முதல் நோட்டீஸ் 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தவணை வசூலிக்க வந்தவர்கள் வாசலில் நின்று மிரட்டினால், அதைத் தண்டிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025-ல் கொண்டுவந்திருக்கிறது. மிரட்டலுக்கு அஞ்சி ஊரை விட்டுப் போகும் குடும்பங்கள் அதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டுப் போகட்டும். போக வேண்டிய அவசியமே வராமல் இருக்கலாம்.

எழுதிக் கொடுத்த பெற்றோர்

பேச மனம் கனக்கிற இடம் இது. நாற்பது வருடம் உழைத்துக் கட்டிய வீட்டை, 'எங்க காலத்துக்கு அப்புறம் பிள்ளைக்குத்தானே' என்று தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். பத்திரம் பதிவான பிறகு சாப்பாடு தட்டில் விழும் விதம் மாறுகிறது. ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி அழைத்துப்போய் விட்டுவிட்டு வருகிறார்கள். திருச்செந்தூர், ராமேஸ்வரம், திருவண்ணாமலை கிரிவலப் பாதை என்று யாத்திரைத் தலங்களில் கையேந்தி உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பிள்ளை பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமாம்.

2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் இவர்களுக்காக வந்தது. மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தலைவர் கோட்டாட்சியர், அதாவது நம் ஆர்.டி.ஓ. வக்கீல் வைக்காமல் தானே நேரில் போய்ப் பேசலாம். எழுத முடியாதவருக்காக வேறொருவர் மனு கொடுக்கலாம். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். முதியவரைக் கைவிடும் நோக்கோடு எங்காவது விட்டுவிட்டு வருவது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இந்தச் சட்டத்தின் 23-வது பிரிவுதான் பலரைத் தெருவிலிருந்து மீட்கக் கூடியது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது ரத்து செய்ய அது வழி செய்கிறது. பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை எழுதவே இல்லையே என்று பிள்ளைகள் தரப்பில் வாதிடுவது வழக்கம். 2025 மார்ச்சில், நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குப் பதில் சொன்னது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை உள்ளடங்கியே இருக்கிறது. தனியாக எழுதவில்லை என்பதற்காக முதியவரைக் கைவிட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி நமக்கு ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்ட ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் இது தெரிய வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14567, மூத்த குடிமக்களுக்கான உதவி எண், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை.

அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணின் நிலையும் ஏறக்குறைய இதேதான். 'வீடு அவர் பெயரில் இருக்கு, நான் என்ன பண்ண முடியும்?' என்று கேட்கிறார்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும் பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் மூலம் நீதிமன்றத்தில் குடியிருப்பு உத்தரவு கேட்கலாம். அன்றிரவே எங்காவது ஒதுங்க வேண்டும் என்றால் 181. அழைத்தால் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி காட்டுவார்கள். சில நாள் தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி, போலீஸ் உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். வெளியே வரும்போது கையில் எடுக்க வேண்டியது நகையைவிட முக்கியமாக ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம். எடுக்க முடியாது என்று தோன்றினால் முன்கூட்டியே போனில் படம் பிடித்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட வேண்டும்.

முதல் இரவு

எல்லாப் பிடியும் நழுவிவிட்டது, இன்றிரவு படுக்க இடமில்லை என்றாகிவிட்டால்?

சென்னை மாநகராட்சி நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகங்களை நடத்துகிறது. கட்டடமும் செலவும் மாநகராட்சியுடையது, பார்த்துக்கொள்வது தொண்டு நிறுவனங்கள். ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் அழைத்தால் அருகில் எது இருக்கிறது என்று சொல்வார்கள். காசு வாங்குவதில்லை. பெரிய அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளிகளின் உடன் வந்தவர்களுக்கென்றே காப்பகங்கள் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் புற்றுநோய் சிகிச்சைக்கு வந்து, மாதக்கணக்கில் ஜி.எச். வாசலில் சுருண்டு கிடப்பவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வார்டில் படுக்கை கொடுக்கும்போதே இதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது.

காப்பகங்கள் யாருடைய கருணையாலும் வந்தவை அல்ல. 2009-10 குளிர்காலத்தில் டெல்லி பூசா சாலையில் வீடற்றோர் தங்கியிருந்த தற்காலிகக் கூடாரத்தை அங்கிருந்த மாநகராட்சி இடித்துத் தள்ளியது. குளிரில் உயிர்கள் போயின. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அதிலிருந்து பிறந்த உத்தரவுதான், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது. 2011 கணக்குப்படி விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கு மேல். அப்படியென்றால் அந்தக் கணக்குக்கே 66 காப்பகங்கள் வேண்டும். நகரம் அதன் பிறகு எவ்வளவோ வளர்ந்துவிட்டது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகள், காப்பகத்தில் தலைக்கு ஐந்து சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அங்கே வருபவருக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் வழி செய்து கொடுப்பதும் காப்பகத்தின் வேலை என்று சொல்கின்றன. ஆகவே காப்பகத்துக்குப் போகிறவர் பாயும் போர்வையும் கிடைத்ததோடு திருப்தி அடையக் கூடாது. 'எனக்கு ஆதார் எடுத்துக் கொடுங்கள், பென்ஷனுக்கு எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். அது அவருடைய உரிமை.

அப்படியிருந்தும் நடைபாதையில் படுப்பவர்கள் பலர் காப்பகத்துக்குப் போக மறுக்கிறார்கள். 'ஹோம்ல போட்டுடுவாங்க' என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் கற்பனையில்லை. 1945-ம் ஆண்டு பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தெருவில் இருப்பவரைப் பிடித்து வண்டியில் ஏற்றிப்போன நினைவுகள் தலைமுறை தாண்டிக் கடத்தப்பட்டிருக்கின்றன. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் அந்த நகரத்துக்கு மட்டும் ரத்து செய்தது. வறுமைக்கு ஆளானவரை அதற்காகவே தண்டிப்பது நியாயமில்லை என்று அது சொன்ன காரணம் இங்கும் பொருந்தும். தமிழ்நாடு தானாகவே அந்தச் சட்டத்தைக் கைவிட வேண்டும். பிடித்துப்போகும் கையும் உதவும் கையும் ஒரே அரசுடையதாக இருக்கும்வரை, தெருவில் இருப்பவர் எதை நம்புவார்?

இன்னொரு காரணமும் உண்டு. அதை அதிகாரிகள் கவனிப்பதே இல்லை. கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், கைக்குழந்தை என்று நால்வர் தெருவுக்கு வந்தால், காப்பகம் அவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. உள்ளதெல்லாம் போன பிறகு மிச்சம் இருப்பது ஒருவருக்கொருவர் துணைதான். அதையும் பிரித்துக் கொடுத்துவிட்டு யார் உள்ளே போவார்கள்? 'புள்ளைய புடிச்சிட்டுப் போயிடுவாங்க' என்பதால் 1098 குழந்தைகள் உதவி எண்ணைக்கூட அழைக்கத் தயங்குகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டமோ, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு வரும் கடைசி வழி என்றுதான் சொல்கிறது. குடும்பமாகத் தங்கும் காப்பகங்கள், சமைக்க ஓர் அடுப்பும் பூட்டி வைக்க ஒரு பெட்டியும் உள்ள சிறிய அறைகள், சென்னைக்கு உடனடித் தேவை. இதைச் செய்யாமல் மேலும் பத்து ஹால்களைக் கட்டினால் பாதி காலியாகத்தான் கிடக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சென்னை கொடுத்து வைத்த ஊர். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். கையில் இருபது ரூபாயோடு ஒரு நாளை ஓட்டிவிடலாம். இந்தியாவில் இதைச் சொல்லக் கூடிய பெருநகரங்கள் குறைவு.

பிளாட்பாரத்தில் பிறந்தவர்கள்

வீட்டை இழந்து தெருவுக்கு வந்தவர்களோடு, வீடே கண்டிராதவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, என்.எஸ்.சி. போஸ் சாலை. பாட்டி பிறந்ததும் அதே பிளாட்பாரம், பேத்தி பிறந்ததும் அதே பிளாட்பாரம். பூக்கட்டுவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, சந்தையில் மூட்டை இறக்குவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று நகரத்தின் காலை வேலைகளில் பாதி இவர்கள் கையில்தான் நடக்கிறது. கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் இவர்களுக்கு வீடு விரியும். காலையில் கடை திறக்கும் முன் சுருட்ட வேண்டும். குளிப்பதும் கழிவறையும் கட்டணக் கழிப்பிடத்தில். வயதுக்கு வந்த பெண் குழந்தையை வைத்துக்கொண்டு தாய் இரவில் கண்ணை மூடுவதில்லை. அதனாலேயே சின்ன வயதில் கல்யாணம் செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

அரசு இவர்களுக்கு வீடு கொடுக்காமல் இல்லை. கொடுக்கப்பட்ட வீடு பலருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருந்தது. விடிகாலை மூன்று மணிக்குப் பூ மொத்த விலைக்கு எடுக்க வேண்டியவர் அங்கிருந்து எப்படி வருவார்? வீட்டைப் பூட்டிவிட்டோ விட்டுக் கொடுத்துவிட்டோ மறுபடி பிளாட்பாரத்துக்கே திரும்பியவர்களை 'வீடு கொடுத்தாலும் வாழத் தெரியாதவர்கள்' என்று பேசுவது அநியாயம். வேலையா வீடா என்று வந்தபோது அவர்கள் வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், மும்பை நடைபாதைவாசிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே: பிழைப்பு இருக்கும் இடத்தில்தான் அவர்கள் வாழ்கிறார்கள், அங்கிருந்து அகற்றுவது பிழைப்பைப் பறிப்பது, பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பது. நாற்பது ஆண்டு ஆகிறது. அரசு இன்னும் நகரத்தின் ஓரங்களிலேயே இவர்களுக்கு இடம் தேடுகிறது.

இந்தப் பிள்ளைகளால் என்ன முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த தெருவோரக் குழந்தைகள் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியில் இங்கிலாந்தை வென்று கோப்பையைத் தூக்கியது, சென்னை, மும்பைத் தெருக்களிலிருந்து போன சிறுவர் சிறுமியர் சேர்ந்த அணி. சென்னைப் பிள்ளைகளை அனுப்பி வைத்தது தண்டையார்பேட்டையில் இயங்கும் கருணாலயா. அந்தப் போட்டியை நடத்திய அமைப்பின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, தெருவில் வாழும் குழந்தைக்குச் சட்டப்படியான அடையாளம் வேண்டும் என்பது. பிறப்புச் சான்று இல்லாத குழந்தை பள்ளியில் சேர்வதே கஷ்டம். விமானத்தில் ஏறுவது எப்படி?

மனநோயோடு தெருவில்

தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு, அழுக்குத் துணியோடு, மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தாண்டிப் போகாதவர் நம்மில் யாருமில்லை. 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் இருபது வயது கடந்த இரண்டு இளம்பெண்கள் அப்படித் தாண்டிப் போகவில்லை. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் அப்படி ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் தேடி அலைந்து, எங்கும் கதவு திறக்காமல், 1993-ல் தாங்களே 'பேன்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் 'அடைக்கலம்' இல்லத்துக்கு வந்த பெண்களில் ஏராளமானவர்கள் மருந்திலும் கவனிப்பிலும் தேறி, தங்கள் ஊர்ப் பெயர் ஞாபகம் வந்து, வட இந்தியக் கிராமங்கள் வரை திரும்பிப் போயிருக்கிறார்கள். போக இடமில்லாதவர்களுக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. நாலைந்து பெண்கள் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஓர் ஊழியர். பக்கத்து வீட்டில் கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டு, கடைக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு அங்கே வாழ்கிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. பூட்டி வைப்பது பராமரிப்பாகாது என்பதற்குக் கொடுத்த விலை அது.

இப்போது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் அலையும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தக் காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை என்கிறது அதன் 100-வது பிரிவு. லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக எப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். 'இதெல்லாம் எங்க வேலை இல்லை' என்று ஒரு நிலையத்தில் சொன்னால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்கு மனம் தடுமாறத் தொடங்கியிருக்கிறது, அவர் எந்நேரமும் கிளம்பிப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றால், அதற்கு முன்பே 14416-ல் டெலி மனஸ் ஆலோசகரிடம் தமிழில் பேசலாம்.

ஒரு முகவரிக்காக

தெருவில் இருப்பவரைத் தெருவிலேயே நிறுத்தி வைப்பது பெரும்பாலும் ஒரு கேள்விதான்: 'அட்ரஸ் புரூஃப் இருக்கா?' முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய், மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, ரேஷன் அரிசி. எல்லாவற்றின் வாசலிலும் இந்தக் கேள்வி நிற்கிறது. மிகத் தேவைப்படுபவருக்கு மிகக் கடைசியில் போய்ச் சேரும்படி இவற்றை அமைத்திருக்கிறோம்.

இதற்கும் வழி இருக்கிறது. தேர்தல் ஆணையத்திடமிருந்து மற்ற துறைகள் கற்றுக்கொள்ள வேண்டும். வீடற்ற ஒருவர் வாக்காளர் பட்டியலில் சேர 6-ம் எண் படிவத்தில் தான் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்த இடத்துக்கு இரவில் போய், அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. சான்றைக் கொண்டுவா என்று குடிமகனை அலையவிடாமல் அரசு அவன் இருக்கும் இடத்துக்கு நடந்து போகிறது. ரேஷன் அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் இதே விதியைக் கொண்டுவர ஒரு அரசாணை போதும்.

ஆதார் தொலைந்தவர்கள் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. பழைய பதிவு கைரேகையோடு இருக்கிறது. ஆதார் மையத்தில் கேட்டால் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியும். புதிதாக எடுப்பவர்களுக்கும் முகவரி இல்லாதவர்களுக்கும் ஆதார் ஆணையமே ஒரு சான்றிதழ் படிவம் வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் அதில் கையெழுத்திடலாம். காப்பகத்துக்குப் போகாதவர் என்றால் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர், மாநகராட்சி கவுன்சிலர், தாசில்தார், கெசட்டட் அதிகாரி கையெழுத்திடலாம்.

இந்த இதழைப் படிப்பவர்களில் கெசட்டட் அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். கவுன்சிலர்களும் இருப்பார்கள். உங்கள் அலுவலக வாசலில், உங்கள் தெரு முனையில், தினமும் பார்க்கிற முகம் ஒன்று இருக்கும். அந்தப் படிவம் ஒரே பக்கம்தான். புகைப்படத்தின் மேல் பாதி விழும்படி கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதம் செல்லும். அதற்குள் அவரை ஆதார் மையத்துக்கு யாராவது ஒருவர் கூட்டிப் போக வேண்டும்.